கணுவுக்கு ஒரு பிடி மண்

"நல்லா ஓடிட்டிருக்கிற கொடியை ஏன்டா உயிரோட புதைக்கிறே?"

அம்மா இதைக் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. அப்போது நான் பாத்தி நடுவே ஒரு பலகையில் மண்டியிட்டு, இலைகளுக்கு அடியில் தலையை நுழைத்தபடி, ராட்சதப் பூசணியின் தாய்க்கொடிக்குக் கீழே சால் பறித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி பதில் சொன்னேன். கொடியில் கணுவுக்குக் கணு வேர் விடும். மண் போட்டு மூடினால் அந்த வேர் கீழே இறங்கும். வேர் கூடினால் சாப்பாடு கூடும், சாப்பாடு கூடினால் காய் பெருக்கும். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "காய்க்குச் சாப்பாடு போடுறது வேரா, இலையா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

அந்தக் கேள்வி என்னோடேயே தங்கிவிட்டது. சர்க்கரையைத் தயாரிப்பது இலை என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். எனக்கும் தெரியும். தெரிந்தும் "வேர் கூடினால் சாப்பாடு கூடும்" என்று எப்படி அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்? ராட்சதப் பூசணி வளர்ப்பவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கொடியைப் புதைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். நானும் அதை அப்படியே வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மூன்று பருவம் முதுகு ஒடியப் புதைத்துவிட்ட பிறகு இப்போதுதான் எனக்கென்று ஒரு பதில் உருவாகியிருக்கிறது. அதுவும் முழுப் பதில் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

முதுகுக்குத் தெரியும்

இதைச் செய்து பார்க்காதவர்களுக்குப் 'புதைப்பது' என்ற சொல் ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளிப் போடுகிற வேலை மாதிரி கேட்கும். ஒரு செடிதான் நடுகிறோம். அந்த ஒன்று, விட்டால் ஒரு வீட்டின் அடித்தளம் அளவுக்குப் பரவும். தாய்க்கொடி நேராக ஓட, இரண்டு பக்கமும் பக்கக் கொடிகள் மீன்முள் மாதிரி பிரிந்து போகும். பக்கக் கொடிகளிலிருந்து கிளம்புகிற மூன்றாம் தலைமுறையைக் கையோடு கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பத்து நாளில் பாத்திக்குள் கால் வைக்க இடம் இருக்காது. கால் வைக்கிற இடத்திலும் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். மிதித்து இறுகிய மண்ணில் வேர் இறங்குவதற்கு ரொம்பவே சங்கடப்படும்.

கொடி நாளுக்கு நாள் நீளும்போது, நுனியை மட்டும் வெளியே விட்டுவிட்டு, அதன் பின்னால் தொடர்ந்து போய்ப் புதைத்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலைக்காம்பு செங்குத்தாக எழுந்து நிற்கும். பக்கத்திலேயே பற்றுக்கம்பி ஒன்று சுருண்டு எதையாவது பிடித்துக்கொள்ளத் துடிக்கும். அதை நறுக்கிவிடுவேன், இல்லாவிட்டால் அது பக்கத்துக் கொடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடாது. கணுவின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு மொட்டு தெரியும், அதுதான் வேர். உற்றுப் பார்த்தால் மேல்பக்கத்திலும் ஒன்று இருக்கும். கொடி மண்மேல் கிடந்தால் அடிவேர் தானாகவே இறங்கப் பார்க்கும். மேல்வேருக்கு அந்த வழியில்லை, வெயிலில் காய்ந்து கறுத்துவிடும். மண் மூடினால் இரண்டுமே பிழைக்கும். கொடிக்கு அடியில் நாலு விரல் ஆழத்துக்குச் சால் பறித்து, அதில் கொடியைப் படுக்கவைத்து, பறித்த மண்ணோடு கொஞ்சம் மட்கு உரமும் கலந்து மேலே மூடுவேன். இலைகள் மட்டும் தரையிலிருந்து நேராக முளைத்த குடைகள் மாதிரி நிற்கும்.

சொல்வதற்கு எளிது. முதல் வாரமே ஒரு பக்கக் கொடியைப் பட்டென்று ஒடித்துவிட்டேன். காலையில், குளிர்ச்சியாக இருக்கும்போதே வேலையை முடித்துவிடலாம் என்று கிளம்பியதுதான் தவறு. இரவு முழுக்கத் தண்ணீர் குடித்த கொடி காலையில் விறைப்பாக நிற்கும். வெள்ளரிப் பிஞ்சை ஒடிக்கிற அதே சத்தத்தோடு ஒடியும். வெயிலில் கொஞ்சம் வாடி, பிற்பகல் தாண்டியதும் கயிறு மாதிரி சொன்னபடி கேட்கும். அதற்கப்புறம் நான் மாலை நேரத்தில்தான் கொடியைத் தொடுவது. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு கணு என்று கணக்கு வைத்தால் முதுகுக்கு நல்லது. ஒரு வாரம் சோம்பேறித்தனம் காட்டினால் அப்புறம் ஒரே நாளில் அறுபது கணுவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்கிற எதையும் மனிதன் பயனில்லாதது என்று ஒத்துக்கொள்ள மாட்டான். என்னை நானே சந்தேகப்பட்டதற்கு இது முதல் காரணம்.

கொடிக்குக் காய் பாரமா?

முதல் வருடம் ஒரு கணு பாக்கியில்லாமல் புதைத்தேன். தாய்க்கொடியில் நாலு மீட்டர் தாண்டி வந்த பெண் பூவுக்கு அதிகாலையில் நானே ஆண் பூவைத் தேய்த்து மகரந்தம் சேர்த்தேன், பிஞ்சு பிடித்தது. அந்தப் பிஞ்சுக்கு இரண்டு பக்கமும் இருந்த கணுக்களுக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக மண். காய்க்குப் பக்கத்தில் இருக்கிற வேர் காய்க்கு நேரடியாக ஊட்டும் என்று கற்பனை. யாரும் சொல்லித்தரவில்லை, என் சொந்த மூளையில் உதித்தது.

முப்பத்திரண்டாம் நாள் மாலை நான் அளவெடுக்கப் போனபோது காம்பு கொடியோடு சேருகிற இடத்தில் ஒரு பிளவு. விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்து, உள்ளே ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் காம்பு மஞ்சளாகி, வளர்ச்சி நின்றுவிட்டது. காய் அப்போது எழுபது கிலோ இருந்திருக்கலாம்.

நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள பெரிய அறிவு வேண்டியதில்லை, காய் எப்படி வளர்கிறது என்று பக்கவாட்டிலிருந்து பார்த்தால் போதும். பிஞ்சு கொடியின் மட்டத்தில்தான் பிறக்கிறது. ஆனால் காய் உயரமும் ஆகிறது. அதன் தோள் உயர உயர, காம்பும் மேலே போகிறது. காம்போடு கொடியும் மேலே எழ வேண்டும். நான்தான் காய்க்கு இரண்டு பக்கமும் கொடியை வேரால் ஆணி அடித்து வைத்திருந்தேனே! மேலே போகவும் முடியாமல், கீழே இருக்கவும் முடியாமல், நடுவில் இருந்த காம்பு கிழிந்தது. 'கொடிக்குக் காய் பாரமா?' என்று கேட்கிற பழமொழி, எடுத்துச் செல்லக்கூடிய காய்களைப் பார்த்தவர்கள் சொன்னது. ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது கிலோ ஏறுகிற காய்களை வைத்துக்கொண்டு விளையாடுகிறவர்களுக்கு அந்தக் கேள்வியின் விடை 'ஆமாம், பாரம்தான்'.

அனுபவசாலிகள் காய்க்கு இரண்டு பக்கமும் முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் அளவுக்குக் கொடியை மூடாமல் விடுகிறார்கள். அந்த இடத்துக் கணுக்களில் வேர் ஏற்கெனவே இறங்கியிருந்தால் கத்தியை நுழைத்து அறுத்தே விடுகிறார்கள். காய் சிறிதாக இருக்கும்போதே, தினம் ஒரு விரல்கடை என்று கொடியை மெதுவாக நகர்த்தி, காம்பு கொடிக்குச் செங்கோணமாக நிற்கும்படி செய்கிறார்கள். கொடியைப் புதைக்கச் சொன்ன அதே மனிதர்கள்தான் இதையும் சொல்லியிருக்கிறார்கள். நான் பாதிப் பாடத்தோடு எழுந்து ஓடிவந்திருக்கிறேன்.

இரண்டாம் வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காய்க்குப் பக்கத்தில் வேரை அறுத்தேன், மற்ற இடங்களில் புதைத்தேன், நூற்றுச் சொச்சம் கிலோவில் ஒரு காய் வந்தது. புதைத்ததால் வந்ததா, புதைத்தும் வந்ததா என்று யாருக்குத் தெரியும்?

யாருக்குப் பெயர் போகிறது

இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒருவர் வருடத்துக்கு ஒரு செடியோ இரண்டு செடியோதான் வளர்க்கிறார். காய் பெருத்தால், அந்த வருடம் தான் புதிதாகச் செய்தது எதுவோ அதற்குப் பெயரைக் கொடுத்துவிடுகிறார். சுருங்கினால் வானிலையின் மேல் பழி. புதைத்த செடியையும் புதைக்காத செடியையும், ஒரே விதை, ஒரே மண், ஒரே வெயில் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பொறுமை எங்கள் ஆட்களில் பெரும்பாலோருக்கு இல்லை. ஒரு செடியைச் சோதனைக்குப் பலி கொடுக்க மனம் வராது. எனக்கும்தான்.

சாதனைப் பட்டியலைப் பாருங்கள். கனடாவின் ஒன்டாரியோவைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு 400 பவுண்டு காயைக் கொண்டுபோனார், 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்கு 403 பவுண்டு. அந்த 403ஐ 1976 வரை யாராலும் தாண்ட முடியவில்லை. அதன் பிறகு ஏணி வைத்த மாதிரி ஏறுகிறது. 2012இல் அமெரிக்காவின் ரான் வாலஸ் 2009 பவுண்டு (சுமார் 911 கிலோ) தொட்டார். 2014இல் சுவிட்சர்லாந்தின் பெனி மேயர் 1054 கிலோவோடு ஒரு மெட்ரிக் டன்னைத் தாண்டினார். 2021இல் இத்தாலியின் ஸ்டெஃபானோ குட்ரூபி 1226 கிலோ. 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் பேட்டன் இரட்டைச் சகோதரர்கள் ஏறக்குறைய 1279 கிலோ. எழுபது வருடம் அசையாமல் கிடந்த எண் அடுத்த ஐம்பது வருடத்தில் ஏழு மடங்கானதற்குக் கொடி புதைத்ததா காரணம்? கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் விண்ட்சர் என்கிற ஊரில் ஹோவர்ட் டில் என்கிற விவசாயி வருடக்கணக்கில் இனக்கலப்பு செய்து உருவாக்கிய அட்லான்டிக் ஜயன்ட் என்கிற ரகம்தான் பெரிய காரணம். இன்று போட்டிக்கு வருகிற காய்கள் எல்லாம் அந்த வம்சம். விதைக்கே காயின் எடையையும் வளர்த்தவரின் பெயரையும் சேர்த்துப் பெயர் வைக்கிற அளவுக்கு, இந்த உலகத்தில் எல்லோருக்கும் விதையின் அருமை தெரியும். மண்வெட்டிக்கு யாரும் பெயர் வைப்பதில்லை.

அம்மாவின் கேள்விக்கும் இங்கேதான் ஒரு துணை கிடைத்தது. 2015இல் ஜெசிகா சேவேஜ் என்கிற தாவரவியலாளரும் அவருடைய சகாக்களும் ராட்சத ரகங்களைச் சின்னக் காய் ரகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ராட்சதங்களில் சர்க்கரையைச் சுமந்துபோகிற புளோயம் திசு அதிகமாக இருந்தது. அதாவது, பெரிய காய் என்பது பெரிய குழாயின் கதை. இலையில் உருவாகிற சர்க்கரை புளோயம் வழியாகக் காம்பைத் தாண்டிக் காய்க்குப் போகிறது. கணுவேர் சர்க்கரை செய்வதில்லை. சொல்லப்போனால் அதுவும் இலையிடம் கையேந்துகிற ஆள்தான், வளர்வதற்கு அதற்கும் சர்க்கரை வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு கணுவிலும் வேரை உண்டாக்கி, காய்க்குப் போக வேண்டிய பங்கை மண்ணுக்குள் அனுப்புகிறேனா? இப்படி யோசித்த வாரத்தில் களைக்கொத்தியைத் தொடவே பிடிக்கவில்லை.

ஆனால் நண்பகலில் பாத்திக்குப் போய் நின்றால் கதையின் இன்னொரு பக்கம் தெரியும். ஒரு முழத்துக்கும் அதிக அகலமான இலை, வெயில் ஏறியதும் நனைந்த துணி மாதிரி தொங்கிவிடும். தண்ணீர் போதாதபோது இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது. துளை மூடினால் கரியமில வாயு உள்ளே வராது, சர்க்கரை உற்பத்தி நிற்கும். தூரிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி இருக்கிற இலைக்கு, தூரிலிருந்தே தண்ணீர் வர வேண்டுமா, காலடியிலேயே ஒரு வேர் இருந்து இழுத்துக் கொடுக்குமா? இலை சாயாமல் நின்ற ஒவ்வொரு மணி நேரமும் சம்பாத்தியம்தான். அம்மாவின் கேள்விக்கு விடை 'இலைதான்'. ஆனால் இலைக்குத் தண்ணீர் கொடுப்பது யார் என்ற இரண்டாவது கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது. இது காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. மனதுக்குள் இறங்கவில்லை. சென்ற வருடம் அந்த நாள் வரும்வரை.

கையோடு வந்த தூர்

சென்ற வருடம் 187 கிலோ வந்தது. உலகத்தின் கண்ணில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் 1904இலிருந்து 1976 வரை எந்த வருடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாலும் உலக சாதனை நான்தான் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். (வார்னாக்கின் 403 பவுண்டு 183 கிலோவுக்குள் அடங்கிவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.) காயை எடுத்த மறுநாள், பாத்தியைச் சுத்தம் செய்யப் போனேன். இலைகளில் பாதிக்கு மேல் இன்னும் பச்சையாக இருந்தன. ஓரத்தில் சாம்பல் நோய் வெள்ளை பூத்திருந்தது, அது எல்லா வருடமும் வருவதுதான். செடியை அடியோடு பிடுங்கலாம் என்று தூரைப் பிடித்து, காலை ஊன்றி, முழு பலத்தோடு இழுத்தேன்.

அப்படியே பின்னால் விழுந்தேன். தூர் கையோடு வந்துவிட்டது. எடையே இல்லை. ஊறிய அட்டைப் பெட்டியைப் பிடித்த மாதிரி இருந்தது. உள்ளே வெற்றிடம், சுவர் மட்டும் பழுப்பு நாராக நின்றது. ஆணிவேர் இருந்த இடத்தில் குழம்பு மாதிரி ஏதோ ஒன்று, அதில் குட்டிப் புழுக்கள். நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். இது நேற்று அழுகியது இல்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. வாரக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும். என் கண்ணுக்கு எதிரே, நான் தினமும் தண்ணீர் ஊற்றி, உரம் கரைத்து ஊற்றிய இடத்தில், ஒன்றுமே இல்லாத ஒரு குழி இருந்திருக்கிறது. ஆறு மீட்டர் தள்ளி இலைகள் பச்சையாக நின்றுகொண்டிருந்தன.

நான் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு உள்ளே போய் அளவு நோட்டை எடுத்து வந்தேன். காய் வளரும்போது எடை போட முடியாது, நாடாதான். தரைக்கு இணையாகச் சுற்றளவு, தரையிலிருந்து மேலேறி மறுபக்கத் தரைவரை ஒன்று, காம்புப் பக்கத்திலிருந்து பூ விழுந்த பக்கம்வரை இன்னொன்று. மூன்றையும் கூட்டி அட்டவணையில் பார்த்தால் உத்தேச எடை வந்துவிடும். தினமும் மாலை எழுதிவைப்பேன். முப்பத்தெட்டாம் நாள்வரை நாளுக்கு ஐந்து, ஐந்தரை கிலோ என்று ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்பதாம் நாள் மூன்று. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாளும் இரண்டு. பக்கத்தில் என் கையெழுத்தில் 'மேகமூட்டம்' என்று எழுதியிருந்தேன். நாலு நாள் கழித்து மறுபடியும் நாலு கிலோவுக்கு ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. தூர் எப்போது விடைபெற்றது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. செடி மூன்று நான்கு நாள் தள்ளாடிவிட்டு, கணுவேர்களை நம்பிப் பிழைப்பு நடத்தத் தொடங்கியிருக்கிறது. மேகத்தின் மேல் பழி போட்டுவிட்டு நான் பாட்டுக்குப் போயிருக்கிறேன்.

பிடுங்குகிற வேலையை நிறுத்திவிட்டுத் தோண்டுகிற வேலையைத் தொடங்கினேன். கைக்கொத்தாலும் விரலாலும், ஒவ்வொரு கணுவாக, புதைத்ததைவிட மெதுவாக. தாய்க்கொடியிலும் எட்டுப் பக்கக் கொடிகளிலுமாக எழுபத்து மூன்று கணு பார்த்தேன். நாற்பத்தாறில் நல்ல வேர், சிலவற்றில் என் சுண்டுவிரல் தடிமன், முழங்கை நீளத்துக்கு இழுத்தும் முடிவு வராமல் அறுந்தது. மேல்மொட்டும் வேராகி, கொடியைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியிருந்த கணுக்களைப் பார்த்தபோது சின்னக் குழந்தை மாதிரி சிரித்துவிட்டேன். மற்றவற்றில் பெரும்பாலானவை பாத்தியின் வடக்கு ஓரத்தில் இருந்தவை. வேர்மொட்டு அப்படியே காய்ந்து நின்றது. அங்கே தண்ணீர் எட்டாது, புழுதியாக உலர்ந்த மண்ணைப் போட்டு மூடியிருந்தேன். மூடியதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. மூன்று கணுக்களில் கொடியே அழுகியிருந்தது. மூன்றும் நான் வளைக்கும்போது கீறல் விட்ட இடங்கள். காயத்தைக் காற்றில் ஆறவிடாமல், மண்ணைப் போட்டு மறைத்துவிட்டால் போச்சு என்று மறைத்த இடங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்களைக் கேலி செய்கிறோம், நான் கொடியையே மண்ணில் மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தூர் ஏன் அழுகியது என்ற கேள்வி. இதை எழுதத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ராட்சதப் பூசணியின் தூர் வயதாக ஆகப் பெருத்து, நீளவாக்கில் வெடிப்பு விடும். அந்த வெடிப்பு உலர்ந்து இருக்க வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் தூரைச் சுற்றி மண் அணைக்காமல் திறந்து வைப்பார்கள், தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்வார்கள். மின்விசிறி வைத்துக் காற்று கொடுக்கிறவர்கள்கூட உண்டு. நான்? கணுவுக்குக் கணு மண் போட்டுக்கொண்டு வந்த வேகத்தில் தூருக்கும் கழுத்துவரை போட்டுவிட்டேன். ஈரமான மட்கு உரம், நாலு அங்குலம், தினமும் அதன் மேல் தண்ணீர். தூரைக் கொன்றதும் புதைத்ததுதான், செடியைக் காப்பாற்றியதும் புதைத்ததுதான். அம்மாவிடம் எந்த முகத்தோடு இதைச் சொல்வது?

சொன்னேன். செத்த தூரைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அதை முதலில் வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். பிறகு கணுவேர்களைப் பார்க்க வந்தார். ஒரு துண்டுக் கொடியைத் தூக்கிப் பார்த்து, "இது பதியன்டா. இத்தனை நாள் இதைத்தான் பெரிய ரகசியம் மாதிரி செஞ்சிட்டிருந்தியா?" என்றார்.

பதியன்தான். மல்லிகைக் கிளையை வளைத்து மண்ணில் அழுத்தி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுக் காத்திருக்கிற அதே வேலை. எனக்கு ஏன் அந்தச் சொல் தோன்றவே இல்லை என்று தெரியவில்லை. ஒரே ஒரு வித்தியாசம், பதியனில் வேர் விட்டதும் நாம்தான் கத்தியை எடுத்துத் தாய்ச்செடியிலிருந்து பிரிப்போம். இங்கே யாரும் வெட்டவில்லை. தாய் ஒரு ராத்திரியில் சத்தமில்லாமல் விலகிக்கொண்டுவிட்டது, கிளைகள் ஏற்கெனவே சொந்தக் காலில் நின்றிருந்தன. மூன்று வருடமாக 'எடை கூடுமா, கூடாதா' என்று கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, செடி வேறொரு கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது. இன்று என்னைக் கேட்டால், புதைப்பது காய்க்கு ஊட்டுவதற்கு என்று சொல்ல மாட்டேன். தூர் போனால் போகட்டும் என்று செடிக்கு நாற்பது இடத்தில் கால் ஊன்ற வைப்பதற்கு, காற்றில் கொடி புரண்டு முறியாமல் இருப்பதற்கு, கடைசி இலைக்கும் காலடியில் தண்ணீர் இருப்பதற்கு. எடை கூடினால் அது இந்த மூன்றின் வழியாகக் கூடும். காய்க்குப் பக்கத்திலும் தூருக்குப் பக்கத்திலும் மண்ணைக் கொண்டுபோகாதே என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவேன்.

இந்த வருடம்

இருந்தாலும் 'கூடினால்' என்கிற அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வருடம் தாய்க்கொடிக்கு வலப்பக்கம் உள்ள பக்கக் கொடிகளை வழக்கம்போல் புதைப்பது, இடப்பக்கம் உள்ளவற்றை அப்படியே விட்டுவிடுவது. ஒரே செடியில் இரண்டு பக்கம். காயின் எடையை இது சொல்லாது, எந்தப் பக்கத்து இலை நண்பகலில் முதலில் சாய்கிறது, எந்தப் பக்கம் முதலில் மஞ்சளாகிறது என்பதையாவது சொல்லும். நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டு வைத்தேன். அம்மாவிடமும் பெருமையாகச் சொன்னேன். "பார்ப்போம்" என்றார்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. இடப்பக்கம் பதினொன்றரை மணிக்கே சாய்ந்தது, வலப்பக்கம் ஒரு மணிவரை தாக்குப்பிடித்தது. இடப்பக்கக் கணுக்கள் சிலவற்றில் அடிவேர் தானாகவே மண்ணைத் துழாவி இறங்கியிருந்ததையும் எழுதிவைத்தேன், நேர்மையாக இருக்க வேண்டும் இல்லையா.

நாலாவது வாரம், புதன்கிழமை இரவு பலத்த காற்று வரும் என்று வானிலை அறிவிப்பு. சாயங்காலமே இடப்பக்கக் கொடிகள் லேசாகப் புரள ஆரம்பித்தன, இலைகள் தலைகீழாகி வெள்ளை அடிப்பாகத்தைக் காட்டின. கட்டுப்பாட்டோடு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். படுத்தேன். ஒன்பதரை மணிக்கு எழுந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பலகையை இழுத்துப் போட்டு, இடப்பக்கத்தில் மண்டியிட்டேன். கணுவுக்கு ஒரு பிடி, கணுவுக்கு ஒரு பிடி. காய்க்குப் பக்கத்தில் மட்டும் போடாமல் விட்டேன். முடிக்கப் பன்னிரண்டு ஆனது. கை கழுவிக்கொண்டிருந்தபோது அம்மாவின் அறை விளக்கு எரிந்தது.

"என்னடா, சோதனை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. நீங்க தூங்குங்க."